ஒயின் தயாரிப்பாளரை அழைத்து நடத்தும் டேஸ்டிங் மாலை: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சிறிய ஒயின் கிளப்பை நடத்திவருகிறேன். மாதம் ஒருமுறை கூடுவோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்திலிருந்து ஒயின் தயாரிப்பாளர் ஒருவரை வரவழைத்து, அவர் செய்த ஒயினை அவர் முன்னிலையிலேயே சுவைத்துப் பார்ப்போம். கடையில் வாங்கிய ஆறு பாட்டில்களைத் திறந்து நமக்குள்ளேயே பேசிக்கொள்வது ஒரு விதம். அந்தத் திராட்சையை எந்த நாளில் அறுப்பது என்று தூக்கத்தைத் தொலைத்து முடிவெடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அதே ஆறு பாட்டில்களைத் திறப்பது முற்றிலும் வேறு விதம். அப்படிக் கிடைத்த ஒரு மாலையை வீணாக்காமல் நடத்துவது எப்படி என்பதை, நாங்கள் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட முறைப்படியே இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படையாக ஒரு விதி உண்டு. விருந்தினராக வந்த தயாரிப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பு, வந்திருக்கும் ஒவ்வொருவருடைய மூக்கும் நாக்கும் தம் கருத்தைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். ‘இதில் கொய்யா வாசனை வரும்’ என்று தயாரிப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டால், அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கொய்யாதான் வரும். மனித மூக்கு அவ்வளவு எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படும். ஜில் மோரோ, பிரெடெரிக் பிரோஷே, டெனி துபூர்தியூ ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் இயல் பயின்ற 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினையும், மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த அதே வெள்ளை ஒயினையும் கொடுத்தார்கள். சிவப்பாகத் தெரிந்ததை வருணிக்க அந்த மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே எடுத்தார்கள். நிறமே இப்படி மாற்றிவிடுமென்றால், அந்த ஒயினைச் செய்தவரின் வாய்ச்சொல் எவ்வளவு மாற்றும் என்பதை நாமே கணித்துக்கொள்ளலாம்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். நாசிக்கில் அது ஜனவரியில் சூடுபிடித்து மார்ச் வரை நீளும். அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் ஏப்ரல் வாக்கில் ஒரு முறை வெட்டி, மழைக்காலம் முழுவதும் தண்டை வளரவிடுகிறார்கள். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்காக மறுபடியும் வெட்டுகிறார்கள். இந்தச் சுழற்சி தெரிந்தால் யாரை எப்போது அழைக்கக் கூடாது என்பது தானாகவே விளங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை அவர் தொட்டிகளை விட்டு நகர மாட்டார். செப்டம்பர் பிற்பகுதியில் அவர் மனம் முழுவதும் தோட்டத்தில் இருக்கும். ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரையிலான காலம் எல்லா வகையிலும் நல்லது. அந்த ஆண்டின் வெள்ளை ஒயின்கள் பாட்டிலில் அடைக்கப்பட்டிருக்கும், பெங்களூரின் வெயிலும் தணிந்திருக்கும், விருந்தினருக்கும் இரண்டு நாள் ஒதுக்க முடியும்.

கடிதமோ தொலைபேசி அழைப்போ, குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகப் போக வேண்டும். அழைக்கும்போதே, வருபவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு அறிந்தவர்கள், பேச்சு எந்த மொழியில் நடக்கும், பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். விற்பனை மேடையாக இந்த மாலை இருக்காது என்பதையும் பணிவாகச் சொல்லலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்களுக்கு அதைக் கேட்டவுடன் ஒரு நிம்மதி வருவதை நான் கவனித்திருக்கிறேன்.

இரண்டாம் படி: இடமும் சட்டமும்

இந்திய அரசியலமைப்பின்படி மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கலால் விதிகள் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் செய்த ஒயினை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் காரில் கொண்டுவந்து கர்நாடகத்தில் ஊற்றுவது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், சிக்கலில் கொண்டுபோய் விடும். உரிமம் உள்ள ஓர் உணவகத்தின் தனி அறையில் நடத்தி, அந்த மாநிலத்தில் முறையாக விற்பனைக்கு வந்துள்ள பாட்டில்களையே அவர்கள் மூலம் வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி. வாடகை மண்டபத்திலோ வீட்டிலோ பெரிய அளவில் நடத்த விரும்பினால், தற்காலிக அனுமதி தேவையா என்பதைக் கலால் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கிளப்பில் 21 வயது நிறையாதவர்களை அழைப்பதில்லை.

பீப்பாயிலிருந்து நேரடியாக எடுத்த மாதிரிகளைச் சுவைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாக் கிளப்புகளுக்கும் உண்டு. அதற்கு நாசிக் போய்விடுவதுதான் முறை. அவர் நம் ஊருக்கு வரும்போது கொண்டுவரக்கூடிய வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒருமுறை வந்தவர் ஒரு துணிப்பையில் கவாத்து செய்த இரண்டு தண்டுகளையும் கைப்பிடி அளவு தோட்டத்து மண்ணையும் கொண்டுவந்தார். தண்டின் எந்த மொட்டுக்கண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும் என்பதை அவர் விரல் நகத்தால் தொட்டுக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். அரை மணி நேர உரை செய்யாத வேலையை அந்தத் தண்டு செய்தது. உங்கள் விருந்தினரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த ஒயின்கள், எந்த வரிசையில்

நிறுவனத்தின் எல்லா வகைகளையும் வரிசையாக ஊற்றுவதுதான் வழக்கமான டேஸ்டிங். பத்து ஒயின்கள் வரும். ஏழாவதுக்கு மேல் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. ஆறு போதும், அந்த ஆறும் மூன்று ஜோடிகளாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஒயினைத் தனியாகச் சுவைக்கும்போது ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் சொல்வது கடினம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இது அதைவிடப் புளிப்பு, அது இதைவிடக் கனம் என்று முதல்முறை வந்தவர்கூடச் சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே ஒரு வேறுபாடு இருக்க வேண்டும். முதல் ஜோடியாக ஒரே ஆண்டின் செனின் பிளாங்கையும் சாவிஞோன் பிளாங்கையும் வைக்கலாம். வேறுபாடு திராட்சை ரகம். இரண்டாவது ஜோடியாக, ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் ஒன்றும் எஃகுத் தொட்டியிலேயே முடித்த ஷிராஸ் ஒன்றும் வைக்கலாம்; வேறுபாடு பீப்பாய். மூன்றாவது ஜோடி, ஒரே சிவப்பு ஒயினின் இரண்டு வெவ்வேறு ஆண்டுகள். இந்தக் கடைசி ஜோடிக்குப் பழைய ஆண்டின் பாட்டில் எளிதில் கிடைக்காது. தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டால், எங்கே இருப்பு இருக்கிறது என்று அவர் வழி சொல்லக்கூடும். எந்த ஜோடி எதைக் காட்டும் என்பதை அவரோடு கலந்தே முடிவு செய்யுங்கள். தன் ஒயின்களில் எது எதற்கு எதிரில் நின்று பேசும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வரிசை எளிது. குமிழி ஒயின் இருந்தால் அது முதலில், பிறகு லேசான வெள்ளை, கனமான வெள்ளை, ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயின், லேசான சிவப்பு, கனமான சிவப்பு, இனிப்பு ஒயின் எல்லாவற்றுக்கும் கடைசியில். இனிப்பை முன்னால் கொடுத்தால் அடுத்து வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும்.

நான்காம் படி: அளவுக் கணக்கு

ஒரு பாட்டில் 750 மில்லி. ஒருவருக்கு 50 மில்லி ஊற்றினால் கணக்குப்படி 15 பேருக்கு வரும். சிந்தல், அடிவண்டல் போக 14 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 24 பேர் வரும் கூட்டத்துக்கு ஒவ்வொரு ஒயினிலும் இரண்டு பாட்டில் வேண்டும். அதில் மிஞ்சும் நான்கு பங்கு விருந்தினருக்கும், சோதித்துப் பார்ப்பதற்கும், ஊற்றுபவர்களுக்கும் சரியாக இருக்கும். மூன்றாவதாக ஒரு பாட்டிலைத் திறக்காமல் மாற்றாக வைத்திருங்கள். ஆறு ஒயினுக்கு மொத்தம் 18 பாட்டில். இவற்றின் விலை, இடம், உணவு, விருந்தினரின் செலவு எல்லாவற்றையும் கூட்டி, வருபவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, முன்பணமாகவே வாங்கிவிடுங்கள். பணம் கட்டாமல் ‘வருகிறேன்’ என்று சொன்னவர்களை நம்பி பாட்டில் வாங்கக் கூடாது.

24 பேர் என்ற எண்ணும் யோசித்து வைத்ததுதான். அதற்கு மேல் போனால் ஒலிபெருக்கி தேவைப்படும். ஒலிபெருக்கி வந்துவிட்டால் உரையாடல் போய்ச் சொற்பொழிவு வந்துவிடும்.

ஊற்றுபவர்கள் இருவரை முன்பே ஏற்பாடு செய்து, தண்ணீரை வைத்து 50 மில்லி ஊற்றிப் பழகச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் கையில் பாட்டிலைக் கொடுத்துவிடக் கூடாது. அவர் ஊற்றினால் தாராளமாக ஊற்றுவார். கடைசி மேசைக்கு வராது.

ஐந்தாம் படி: அறை, மணம், கண்ணாடி

ஒயின் சுவையில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் அறியப்படுகிறது. ஆகவே அறையில் வேறு எந்த மணமும் இருக்கக் கூடாது. அழைப்பிதழிலேயே, அன்று மாலை வாசனைத் திரவியம் பூச வேண்டாம், மல்லிகைப்பூ வைத்துவர வேண்டாம் என்று அன்போடு எழுதிவிடுங்கள். மல்லிகையைச் சொல்லத் தயங்கி இரண்டு முறை விட்டுவிட்டேன். இரண்டு முறையும் அந்த மேசையில் எல்லா வெள்ளை ஒயினும் மல்லிகையாகவே மணத்தது. உணவகமாக இருந்தால், சாயங்காலப் பூசைக்கு ஏற்றும் ஊதுபத்தியையும் சாம்பிராணியையும் அன்று ஒருநாள் அந்த அறைக்குள் கொண்டுவராமல் இருக்கச் சொல்ல வேண்டும். சமையலறைக் கதவிலிருந்து தள்ளியிருக்கும் அறையைக் கேளுங்கள். கடுகும் பெருங்காயமும் தாளிக்கும் மணம் வந்து நுழைந்துவிட்டால், அன்றைய மாலை அத்துடன் முடிந்தது.

மேசை மேல் வெள்ளைத் துணியோ வெள்ளைத் தாளோ விரிக்க வேண்டும். நிறத்தைப் பார்க்க அது இல்லாமல் முடியாது. மஞ்சள் விளக்குகள், மெழுகுவர்த்திகள் அழகாக இருக்கும், ஆனால் எல்லாச் சிவப்பு ஒயினையும் ஒரே பழுப்பாகக் காட்டும்.

கண்ணாடிக் கோப்பைகளுக்கு ஒரு பன்னாட்டுத் தரம் இருக்கிறது. 1977-இல் வரையறுக்கப்பட்ட அந்தச் சுவைக் கோப்பை சுமார் 215 மில்லி கொள்ளும், வாய் குறுகியிருக்கும், 50 மில்லி ஊற்றிச் சுழற்றினால் மணம் உள்ளேயே தங்கும். இதே வடிவத்தில் கிடைக்கும் எந்தக் கோப்பையும் போதும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்கு நான்கு கோப்பை வையுங்கள். அடுத்த ஜோடி வரும்போது முந்தைய ஜோடியும் எதிரில் இருந்தால் திரும்பிப் போய் ஒப்பிடலாம். வாடகைக்கு எடுக்கும் கோப்பைகளில் அட்டைப்பெட்டி மணமோ, ஈரத் துணி மணமோ, சோப்பு மணமோ ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வெறுங்கோப்பையையும் மூக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். ஏதாவது மணம் வந்தால் வெந்நீரில் மட்டும் கழுவிக் கவிழ்க்காமல் உலரவிடுங்கள். நூறு கோப்பையை மோந்து பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத கூட்டத்துக்கும் செய்த கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் ஒயினிலேயே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: வெப்பநிலை

‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறுங்கள்’ என்ற அறிவுரை குளிர்நாடுகளின் பழைய கல்வீடுகளில் பிறந்தது. நம் ஊர் அறை 28 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும், பழம் மறைந்துவிடும். சிவப்பு ஒயினுக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கும் ரோஸேவுக்கும் 8 முதல் 12, குமிழி ஒயினுக்கு 6 முதல் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில், சிவப்பு பாட்டில்களைப் பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். காலையிலிருந்தே குளிர்பெட்டியில் இருக்கும் வெள்ளை பாட்டில்களைக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுக்க வேண்டும். மறந்துபோய் அவசரமாகக் குளிர்விக்க வேண்டியிருந்தால், வாளியில் வெறும் பனிக்கட்டியை நிரப்பாமல், பாதிப் பனிக்கட்டியும் பாதித் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போடுங்கள். பாட்டிலை எல்லாப் பக்கமும் தண்ணீர் தொடுவதால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.

ஏழாம் படி: ஒவ்வொரு பாட்டிலையும் முன்பே சோதித்தல்

இந்தப் படியை நாங்கள் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டோம். கிளப் தொடங்கிய காலத்தில் ஒரு கூட்டத்தில் பாட்டில்களைச் சோதிக்காமல் அப்படியே திறந்து ஊற்றிவிட்டோம். ஒரே ஒயினின் இரண்டு பாட்டில்களில் ஒன்று கார்க் கெட்டிருந்தது. இடப்பக்க மேசைகளுக்கு நல்ல பாட்டில் போனது, வலப்பக்க மேசைகளுக்குக் கெட்டது. இடப்பக்கத்தில் இருந்தவர்கள் பழுத்த நாவல்பழம் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்க, வலப்பக்கத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு எதுவும் தெரியவில்லையே என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ‘எனக்குத்தான் மூக்கு சரியில்லை போலிருக்கிறது’ என்று ஒருவர் மெல்லச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவருடைய மூக்கு மிகச் சரியாகத்தான் இருந்தது.

கார்க் கெடுதலுக்குக் காரணம் பெரும்பாலும் டிசிஏ எனப்படும் ஒரு சேர்மம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரம் ஊறிய பழைய செய்தித்தாள் போன்ற மணம் வரும். அதைவிடக் குறைவாக இருக்கும்போது அந்த மணமும் தெரியாது, பழ மணம் மட்டும் காணாமல் போயிருக்கும். இதுதான் ஆபத்தானது. திருகுமூடி போட்ட பாட்டில்களில் இந்தத் தொல்லை மிக அரிது. கோடையில் லாரியில் வெந்துவந்த பாட்டிலில் கார்க் சற்று மேலே தள்ளியிருக்கும், உறைக்குக் கீழே பிசுபிசுப்பு இருக்கும், ஒயின் பாகு காய்ச்சியதுபோல் மணக்கும்.

ஆகவே கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, நீங்களும் விருந்தினரும் அமர்ந்து, பரிமாறப்போகும் பன்னிரண்டு பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு சுவைத்து உமிழ்ந்துவிடுங்கள். ஒரே ஒயினின் இரண்டு பாட்டில்களையும் அருகருகே மோந்து பார்க்க வேண்டும். ஐயம் வந்தால் மாற்றுப் பாட்டிலைத் திறங்கள். தன் ஒயின் எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்தவர் பக்கத்தில் இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வரம்.

எட்டாம் படி: பேச்சற்ற நான்கு நிமிடம்

மாலை 6.30-க்குக் கூட்டம் தொடங்கட்டும். விருந்தினரை ஐந்து நிமிடத்தில் அறிமுகம் செய்யுங்கள். ஊர், தோட்டம், எத்தனை அறுவடை கண்டவர் என்பது வரை சொன்னால் போதும். ஒயின்களைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. பிறகு முதல் ஜோடியை ஊற்றச் சொல்லி, நான்கு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று அறிவியுங்கள். தயாரிப்பாளரும் பேசக் கூடாது. அவருக்கும் ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த நான்கு நிமிடத்தில் ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டியவை இவை. கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேல் பிடித்து நிறம். சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றிய பின் ஒரு முறை மோந்து, முதலில் மனத்தில் வந்த பொருளின் பெயர். ஒரு மிடறு எடுத்து வாய் முழுவதும் பரவவிட்டு, புளிப்பு, துவர்ப்பு, கனம் ஆகிய மூன்றின் அளவு. விழுங்கிய பின்போ உமிழ்ந்த பின்போ சுவை நாக்கில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. கடைசியாக, ஜோடியில் எது பிடித்தது.

சொற்கள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தயங்குவது இங்கேதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984-இல் வெளியிட்ட, ஒயின் மணங்களை வகைபிரித்து வட்டமாகக் காட்டும் மணச்சக்கரம் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் உள்ள பழங்களில் பாதியை நம்மில் பலர் தின்றதே இல்லை. ஒயின் புத்தகங்களில் வரும் கூஸ்பெர்ரி நம் ஊர் நெல்லிக்காய் அல்ல. அது வேறு செடி, வேறு பழம். தின்னாத பழத்தின் பெயரை மனப்பாடம் செய்து எழுதுவதில் பொருள் இல்லை. அவரவர் நாக்கு அறிந்த பொருளின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். துவர்ப்பு என்று தனிச் சுவையாகவே பெயரிட்டு வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஒயினில் துவர்ப்பைத் தரும் டேனின் என்றால் என்னவென்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை; பாக்கு மென்றவர்களுக்கும், வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கும், மாதுளைத் தோலைக் கடித்துப் பார்த்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்தத் துவர்ப்பு பாக்கைப்போல் சொரசொரப்பா, நன்றாகக் காய்ச்சிய தேநீரைப்போல் வழவழப்பா என்று பிரித்துச் சொன்னால் அதுவே தேர்ந்த வருணனை.

நான் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். அங்கே விளையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் லினலூல், ஜெரனியால் போன்ற மணச் சேர்மங்கள் மிகுதி. ரோஜாவிலும் இவை உண்டு. வேதியியல் எதுவும் படிக்காத எங்கள் ஊர்க்காரர்கள் அந்தத் திராட்சைக்குப் பன்னீர் என்று பெயர் வைத்தது எவ்வளவு துல்லியமான டேஸ்டிங் குறிப்பு! மஸ்கட் ஒயின் ஒன்று வந்தால் ‘கம்பம் திராட்சை’ என்று எழுதுபவர் தவறாக எழுதவில்லை.

நான்கு நிமிடம் முடிந்ததும், வந்திருப்பவர்கள் தங்கள் தாளிலிருந்து படிக்க வேண்டும். புதியவர்களிலிருந்து தொடங்குங்கள், பழையவர்கள் முதலில் பேசினால் புதியவர்கள் தம் தாளை மடித்துவைத்துவிடுவார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். அதன் பிறகுதான் தயாரிப்பாளரின் முறை.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். ஷிராஸ் ஜோடி வந்தபோது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், அதுதான் அவருடைய முதல் டேஸ்டிங், தாளைப் பார்த்து ‘மிளகு ரசம்’ என்று படித்தார். அருகிலிருந்தவர் தனக்கு மிளகே வரவில்லை என்றார். தயாரிப்பாளர் எழுந்து வந்து அந்த அம்மாவின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இருவர் சொல்வதும் சரி என்றார். ஷிராஸில் மிளகு மணத்தைத் தருவது ரோடன்டோன் என்ற சேர்மம். மிளகில் இருப்பதும் அதுவேதான். 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் அந்த மணத்தை உணரவே முடிவதில்லை என்பதும் தெரியவந்தது. குளிர்ச்சியான இடத்தில் மெல்லப் பழுக்கும் திராட்சையில் அது கூடுதலாகச் சேரும் என்று சொல்லி, தன் தோட்டத்தில் எந்த மூலையிலிருந்து அந்த மிளகு வருகிறது என்பதைத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்த அம்மா பேசுவதற்கு முன் அவர் இதைச் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் சில பொருள்களை மூடிபோட்ட சிறு கிண்ணங்களில் வைத்திருங்கள். நுணுக்கிய மிளகு, நறுக்கிய கொய்யா, பச்சைக் குடைமிளகாய், பாக்கு, புளிக்கரைசல் போதும். எல்லோரும் எழுதிப் படித்த பிறகு மட்டும் உரிய கிண்ணத்தைச் சுற்றுக்கு விடுங்கள். சாவிஞோன் பிளாங்கின் கொய்யா மணம் தியால் எனப்படும் கந்தகச் சேர்மங்களாலும், கேபர்னே என்ற சிவப்பு ரகத்தின் குடைமிளகாய் மணம் பைரசின் என்ற சேர்மங்களாலும் வருகின்றன. கிண்ணத்தையும் கோப்பையையும் மாறி மாறி மோந்தால் அது உடனே பிடிபடும். பார்த்தவுடன் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியவை

‘உங்கள் ஒயின்களில் சிறந்தது எது’ என்று கேட்டால் பதில் வராது, புன்னகைதான் வரும். அவர் எடுத்த முடிவுகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தேதியில் அறுத்தீர்கள், ஏன் ஒரு வாரம் முன்போ பின்போ அறுக்கவில்லை? எந்தத் தொட்டியை இந்தக் கலவையில் சேர்க்காமல் ஒதுக்கினீர்கள்? இதே ஆண்டை மறுபடியும் செய்யக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்றாவது கேள்விக்கு மனம் திறந்து பதில் சொன்னவர்களை மறக்கவே முடிந்ததில்லை. நாசிக்கில் பரவலாகப் பயன்படும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியின், அதாவது ஒயின் ரகத்தை ஒட்டுப்போட அடியில் வைக்கும் வேறு திராட்சைச் செடியின், நன்மை தீமைகளைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு நன்றாக நீளும். அது வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்கும், ஆனால் கொடியை மிகையாக வளரச் செய்யும்.

ஒரு கேள்வி எப்படியும் வரும்: ‘இதில் ஏதாவது சேர்க்கிறீர்களா?’ இதைச் சிலர் குற்றம் சாட்டும் தொனியில் கேட்பார்கள். நடத்துபவர் இங்கே முன்வந்து பின்னணியைச் சொல்ல வேண்டும். வெப்பமான இடங்களில் பழுக்கும்போது திராட்சை தன் மாலிக் அமிலத்தை விரைவாக இழக்கிறது. புளிப்பு குறைந்த சாறு சுவையிலும் தட்டையாக இருக்கும், எளிதில் கெட்டும் போகும். அதைச் சரிசெய்ய டார்டாரிக் அமிலம் சேர்ப்பது வெப்ப நாடுகளில் எங்கும் உள்ள முறை. திராட்சையில் இயல்பாகவே இருக்கும் அமிலம் அது. நம் வீட்டுப் புளியின் புளிப்புக்கும் பெரும்பாலும் அதுவேதான் காரணம். புளிக்கிண்ணத்தைச் சுற்றுக்கு விடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. எவ்வளவு சேர்த்தார், எப்போது சேர்த்தார் என்பதை அதன் பிறகு அவர் சங்கடமில்லாமல் சொல்வார்.

ஒரு ஜோடிக்கு 25 நிமிடம் என்று வைத்தால், மூன்று ஜோடிக்கு 75 நிமிடம். அறிமுகமும் பொதுவான கேள்விகளும் சேர்த்து 8.30-க்குள் முடித்துவிடலாம். நேரம் பார்க்கும் பொறுப்பை உங்களைத் தவிர இன்னொருவரிடம் கொடுங்கள்.

பத்தாம் படி: உணவும் வீடு திரும்புதலும்

சுவைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். பொரி நாக்கைத் துடைத்துவிடும், தனக்கென்று சுவை காட்டாது; ரொட்டியைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை. கடலை, சீஸ், பஜ்ஜி எதையும் டேஸ்டிங் முடியும் வரை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

அதன் பிறகு சாப்பாடு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூண்டிவிடும். துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் அந்தக் காரத்தோடு சேர்ந்தால் வாய் எரிந்து கசக்கும். காரமான உணவுக்கு இலேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள குளிர்ந்த செனின் பிளாங்க் நன்றாக ஒத்துப்போகும். சிவப்பு ஒயினுக்கு, மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டிய ஆட்டுக்கறி வறுவலோ, சைவர்களுக்கு நெய்யில் வதக்கிய பன்னீரும் காளானுமோ பொருந்தும். கொழுப்பும் புரதமும் துவர்ப்பின் முனையை மழுக்கும்.

உமிழ்வது பற்றி வெட்கப்படாமல் பேசியாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் உள்ளே தெரியாத காகிதக் கோப்பை ஒன்று வையுங்கள். முதல் ஒயினிலேயே நடத்துபவரும் தயாரிப்பாளரும் எல்லோர் முன்னிலையிலும் உமிழ்ந்து காட்டினால் மற்றவர்களுடைய தயக்கம் போய்விடும். ஆறு ஒயினையும் முழுதாக விழுங்கினால் 300 மில்லி. 13 விழுக்காடு ஒயினென்றால் ஏறத்தாழ 31 கிராம் ஆல்கஹால் உடலில் சேரும். இந்தியச் சட்டப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்த வரம்பு மிகக் குறைவானது. ஆகவே அன்று யாரும் சொந்தமாக வண்டி ஓட்டிவரக் கூடாது என்பதை அழைப்பிதழில் மல்லிகைப்பூ வேண்டுகோளுக்கும் மேலே எழுதுங்கள். கூட்டம் முடியும் நேரத்துக்கு வாடகைக் கார்களையும் முன்பே பேசிவையுங்கள்.

மிஞ்சிய பாட்டில்களை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். திறக்காத மாற்றுப் பாட்டில்களைப் படுக்கவைத்துச் சேமித்து, ஓராண்டு கழித்து அதே ஆட்களோடு திறந்து பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டம் முடிந்ததும் எல்லாத் தாள்களையும் சேகரித்து, பெயர்ப் பகுதியைக் கிழித்துவிட்டு, படி எடுத்து ஒரு வாரத்துக்குள் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அவர் அன்று எழுதிய தாளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் தாள்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, செனின் பிளாங்குக்கு ‘பச்சை வாழைக்காய்’ என்று ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்களே, அடுத்த அறுவடையை நான்கு நாள் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறேன் என்றார்.